அப்டேட் வந்தா சவுண்ட் போகுது: ‘வேண்டாம்’ சொல்லும் பட்டன் எங்கே?

டாஸ்க்பாரில் இருக்கும் ஸ்பீக்கர் ஐகான் மேல் சின்னதாக ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. நேற்று ராத்திரி வரை பாட்டு ஓடிய அதே கம்ப்யூட்டர்தான். காலையில் மீட்டிங்கில் சேர்ந்தால் எதிரே இருப்பவரின் வாய் அசைகிறது, சத்தத்தைக் காணோம். டிரைவரை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் அடித்தால் சரியாகிவிடுகிறது. மூணு வாரம் கழித்து மறுபடியும் அதே கதை.

ஒரு தடவை சவுண்ட் போனால் அது கோளாறு. சரிசெய்த பிறகும் திரும்பத் திரும்பப் போனால், சரிசெய்ததை வேறு யாரோ மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். பல வீடுகளில் அந்த ‘யாரோ’ விண்டோஸ் அப்டேட்தான்.

சவுண்ட் டிரைவர் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் போர்டில் இருக்கும் ஆடியோ சிப்புக்கும் நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர். சிக்கல் என்னவென்றால், இந்த மொழிபெயர்ப்பாளருக்கு மூன்று முதலாளிகள். சிப்பைத் தயாரிப்பது ரியல்டெக் மாதிரியான ஒரு நிறுவனம். அதை போர்டில் பொருத்துவது லேப்டாப் கம்பெனி. டிரைவரை வீடு தேடி அனுப்புவது மைக்ரோசாஃப்ட். ஒரே சிப்பைப் பத்து கம்பெனிகள் வாங்கி, பத்து விதமாக இணைப்பார்கள். எந்தப் பின்னில் ஸ்பீக்கர், எதில் ஹெட்ஃபோன், எதில் மைக் என்பது மாடலுக்கு மாடல் மாறும். அதனால்தான் அதே சிப்புக்கான வேறொரு டிரைவரைப் போட்டால் ஸ்பீக்கர் பாடும், மைக் மட்டும் செத்துக் கிடக்கும்.

விண்டோஸ் எப்படித் தேர்ந்தெடுக்கிறது? கருவியின் அடையாள எண்ணோடு எந்த டிரைவர் நெருக்கமாகப் பொருந்துகிறது என்று முதலில் பார்க்கும். இரண்டு டிரைவர்கள் சமமாகப் பொருந்தினால் தேதி புதிதாக இருப்பது ஜெயிக்கும். ‘இந்த மெஷினில் இப்போது சத்தம் நன்றாகக் கேட்கிறதா?’ என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் இடமே கிடையாது.

2018 அக்டோபரில் நடந்தது இதுதான். இன்டெல்லின் ஸ்மார்ட் சவுண்ட் டிரைவரின் 9.21.00.3755 பதிப்பு, தவறுதலாக விண்டோஸ் அப்டேட் வழியே பல விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த டிரைவரை அது ஓரங்கட்டிவிட்டு உட்கார்ந்தது. சத்தம் நின்றது. அதை நீக்குவதற்கென்றே மைக்ரோசாஃப்ட் தனியாக ஒரு அப்டேட் வெளியிட வேண்டியிருந்தது. 2025 ஜனவரி செக்யூரிட்டி அப்டேட்டுக்குப் பிறகு யுஎஸ்பி வழி ஆடியோ கருவிகள் சில வேலை செய்யவில்லை. அதையும் மைக்ரோசாஃப்ட்டே ஒப்புக்கொண்டது.

தானாக டிரைவர் வருவதே தப்பு என்று சொல்ல முடியாது. டிரைவர் சிடியைத் தொலைத்துவிட்டு அல்லாடிய காலத்தை நினைத்தால் இது பெரிய வசதி. டிரைவர்களில் இருக்கும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கவும் வேண்டும். ஆனால் ‘இந்த டிரைவர் எனக்குச் சரியாக இருக்கிறது, தொடாதே’ என்று சொல்லும் வசதி காசு அதிகம் கொடுப்பவருக்கு மட்டும் ஏன்? ப்ரோ எடிஷனில் குரூப் பாலிசி எடிட்டருக்குள் போய், அப்டேட்டோடு டிரைவர்களைச் சேர்க்க வேண்டாம் என்று ஒரு செட்டிங் வைக்கலாம். ஹோம் எடிஷனில் அந்த எடிட்டரே கிடையாது. கன்ட்ரோல் பேனலின் பழைய மூலையில் டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அது கேட்பதோ கம்பெனி ஆப் வேணுமா, ஐகான் வேணுமா என்று. ‘டிரைவர்’ என்ற சொல்லே அந்தக் கேள்வியில் இல்லை!

சரி, அதுவரை வீட்டில் என்ன செய்வது? முதலில் அது டிரைவர் பிரச்சினைதானா என்று பார்க்க வேண்டும். சிவப்புக் குறி இல்லாமலே சத்தம் வரவில்லை என்றால், ஹெச்டிஎம்ஐ கேபிளில் மாட்டிய மானிட்டருக்கு சவுண்ட் போய்க்கொண்டிருக்கலாம். ஸ்பீக்கர் ஐகானை க்ளிக் செய்து அவுட்புட்டை மாற்றினால் போதும். ப்ளூடூத் ஹெட்செட்டில் மைக் ஆன் ஆனதும் பாட்டு பழைய ரேடியோ மாதிரிக் கேட்பதும் பெரும்பாலும் டிரைவர் கோளாறு இல்லை.

ஷட் டவுன் செய்து ஆன் பண்ணினால் சவுண்ட் இல்லை, ரீஸ்டார்ட் கொடுத்தால் வருகிறது என்றால் சந்தேகம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் மேல் திரும்ப வேண்டும். விண்டோஸ் 8 முதல் இருக்கும் இந்த வசதியில், ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் இல்லை. சிஸ்டத்தின் உட்பகுதியும் டிரைவர்களின் நிலையும் டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே எழுப்பப்படும். நேற்றைய கோளாறும் கூடவே எழும். பவர் ஆப்ஷன்ஸில் போய் அதை ஆஃப் செய்துவிட்டு ஒரு வாரம் பார்க்கலாம்.

அப்டேட்டுக்குப் பிறகுதான் போச்சு என்றால், டிவைஸ் மேனேஜரில் சவுண்ட் கருவியின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுப்பதுதான் முதல் வழி. பட்டன் மங்கிக் கிடந்தால் திரும்பிப் போக பழைய பதிப்பு சேமிப்பில் இல்லை என்று பொருள். அப்போது அன்இன்ஸ்டால் செய்யும்போது, டிரைவர் ஃபைலையும் சேர்த்து நீக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். பலர் தவறவிடுவது இந்த டிக்கைத்தான். அது இல்லாவிட்டால் ரீஸ்டார்ட் ஆனதும் அதே டிரைவர் உள்ளிருந்தே திரும்ப வந்து உட்காரும். பிறகு லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து அதற்கான டிரைவரை எடுக்கலாம். அவசரத்துக்கு விண்டோஸோடு வரும் ‘ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்’ என்ற பொது டிரைவரைத் தேர்ந்தெடுக்கலாம். ஈக்வலைசர் மாதிரியான அலங்காரங்கள் போகும், பல மெஷின்களில் சத்தமாவது வரும்.

எதுவும் பலிக்காமல் சர்வீஸ் கடைக்குப் போனால் ‘ஃபார்மேட் பண்ணிடலாம் சார்’ என்ற பதில் பல இடங்களில் ரெடி. காசும் போகும், பேக்கப் எடுக்காத போட்டோவும் போகும். அடுத்த அப்டேட்டில் அதே டிரைவர் வந்தால் சவுண்டும் போகும். போர்டையே மாற்ற வேண்டும் என்று சொன்னால், ஒப்புக்கொள்ளும் முன் பென்டிரைவில் உபுண்டு போட்டு, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்க்கலாம். அதில் பாட்டு கேட்டால் போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. ‘ஒரே க்ளிக்கில் எல்லா டிரைவரும்’ என்று விளம்பரம் செய்யும் அப்டேட்டர் மென்பொருள்கள் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. புதியது போட்டதால் வந்த வியாதிக்கு இன்னும் புதியது மருந்தாகாது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பழைய லேப்டாப்பை விண்டோஸ் 11-க்கு மாற்றுபவர்களில் பலருக்கு, அந்த மாடலுக்கென்று கம்பெனி புது டிரைவர் வெளியிட்டிருக்காது. சவுண்ட் நன்றாக இருக்கும் இன்றைக்கே, டிவைஸ் மேனேஜரில் தெரியும் டிரைவர் பதிப்பு எண்ணை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சப்போர்ட் பக்கத்தில் இருக்கும் இன்ஸ்டாலரையும் ஒரு பென்டிரைவில் போட்டு வைக்க ஐந்து நிமிஷம் போதும்.