சாவைச் சொன்னால் சாவு வராது

எங்கள் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு மணி நேரத்துக்குக் கேட்டேன். காதுகுத்துக்கும் பிறந்தநாளுக்கும் வாடகைக்கு விடுகிற கூடம்தான். எதற்கு என்றார்கள். வயதானவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து, டீ குடித்தபடி சாவைப் பற்றிப் பேசுவதற்கு என்றேன். சங்கப் பொறுப்பில் இருப்பவர் நல்ல மனிதர். யார் வீட்டில் என்ன கஷ்டம் என்றாலும் முதலில் ஓடி வருபவர். அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஏம்மா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா இதைப் போய் வாயில வைக்கிறீங்களே. சத்யநாராயண பூஜை நடக்கிற எடம்மா அது."

அவரிடம் எனக்குக் கோபமில்லை. அவர் வாயிலிருந்து வந்தது எங்கள் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் இருக்கிற நம்பிக்கை. சாவைப் பேசினால் சாவு வரும். நாக்குக்கு ஒரு பலிதம் உண்டு, கெட்டதைச் சொன்னால் மேலே இருக்கிற தேவதை 'ததாஸ்து' சொல்லிவிடும். இந்த நம்பிக்கை பொய். பொய்யாக மட்டும் இருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். சாகக் கிடக்கிறவர்களிடமிருந்து கடைசிப் பேச்சையும் கடைசி முடிவையும் இது பிடுங்கிக்கொள்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

சந்தாபுராவில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது எளிதில் புரியும். ஓசூர் சாலையில் பொம்மசந்திரா தொழிற்பேட்டையைத் தாண்டியதும் ஆனேக்கல்லுக்குப் பிரியும் இடம். வேலைக்காகக் கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் பக்கமிருந்து வந்தவர்கள் இங்கே ஏராளம். நாங்கள் வந்து, வீட்டுக் கடன் வாங்கி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, பிறகு ஊரில் தனியாக இருந்த அப்பா அம்மாவை அழைத்து வந்து மூன்றாவது மாடியிலும் ஐந்தாவது மாடியிலும் குடிவைத்தோம். மெட்ரோகூட 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. வாழ்வதற்கு வேண்டியது ஒவ்வொன்றையும் பேசித் தீர்த்தோம். இந்தப் பெரியவர்கள் எங்கே சாக விரும்புகிறார்கள், ஊரிலா இங்கேயா, எரிக்கவா புதைக்கவா, மூச்சுக் குழாய் வைக்கலாமா கூடாதா என்று ஒரு வீட்டிலும் பேச்சு எழுந்ததில்லை. எங்கள் வீட்டிலும் எழவில்லை.

என் அப்பா காவேரிப்பட்டணத்துக்காரர். வயிற்று வலி என்று ஆரம்பித்தது. கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்குப் பரவிவிட்டது என்று மருத்துவர் என்னையும் தம்பியையும் வெளியே அழைத்துச் சொன்னார். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க சார்" என்று முதலில் சொன்னது நான்தான். மனசு உடைந்துவிடும் என்று பயந்தேன். அப்பாவுக்கு வயிற்றில் புண் என்று சொன்னோம். மாங்காய் இறங்குவதற்குள் ஊருக்குப் போய்விடலாமா என்று கேட்பார். "கண்டிப்பா போலாம்ப்பா, உடம்பு தேறட்டும்" என்போம். அவர் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அந்தத் திரும்பலைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

ஒரு இரவு மூச்சு வாங்கியது. மருத்துவமனையில் மூச்சுக் கருவி பொருத்தலாமா என்று கேட்டார்கள். அவருக்கு என்ன வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது, கேட்டதே இல்லையே. கையெழுத்துப் போட்டேன். குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்க அவர் இரண்டு கைகளையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். பார்வையாளர் நேரம் பத்து நிமிடம். தொண்டையில் குழாய் இருப்பதால் பேச முடியாது. பதினோராம் நாள் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து திரும்பி வந்த பிறகு ஒருநாள் எங்கள் வாசல் காவலாளி, தேன்கனிக்கோட்டைக்காரர், தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஐயாவுக்குத் தெரியும்க்கா. 'இது போற கேசுதான்'னு எங்கிட்ட சொல்லிட்டாரு. இங்கேருந்து காவேரிப்பட்டணத்துக்கு பாடி வண்டி என்ன கேப்பான்னு விசாரிச்சு வைக்கச் சொன்னாரு. பிள்ளைங்க தாங்காதுங்க, அதுங்ககிட்ட சொல்லிடாதேன்னாரு."

நாங்கள் அவரிடம் மறைத்தோம், அவர் எங்களிடம் மறைத்தார். பெற்ற பிள்ளைகள் இரண்டு பேர் மாடியில் இருக்க, என் அப்பா தன் சாவைப் பேசுவதற்கு லிஃப்டில் இறங்கி வாசலுக்குப் போக வேண்டியிருந்தது. இதைத்தான் நாம் மங்கலம் என்று காத்துக்கொண்டிருக்கிறோம்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்லக் கூடாது, 'போயிட்டு வரேன்' என்று சொல்ல வேண்டும். விளக்கை அணைக்கச் சொல்ல மாட்டோம், குளிர வை என்போம். இந்தப் பழக்கங்களை நான் விடவில்லை, விடவும் மாட்டேன். இவை மனிதர்மேல் வைத்த பிரியத்தில் பிறந்த சொற்கள். ஆனால் பிரியத்தில் பிறந்த நாகரிகத்தை எடுத்து ஒரு நோயாளியின் வாயில் துணியாக அடைத்தோம் என்றால் அங்கே பிரியம் தீர்ந்துபோய் நம் பயம் மட்டும்தான் மிச்சமிருக்கிறது. அவர் மனசு உடையும் என்று சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் அவர் முகத்தைப் பார்த்து அந்தப் பேச்சைத் தாங்க நமக்குத்தான் தெம்பில்லை.

பேசினால் ஆயுசு குறையும் என்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பாதிக்கு அதோடு சேர்த்து, ஆரம்பத்திலிருந்தே வலிதணிப்பு மருத்துவர்களின் துணை. வலியைக் கவனிப்பதோடு, நோய் எந்த நிலையில் இருக்கிறது, உங்களுக்கு எது முக்கியம் என்று உட்கார்ந்து பேசுவதும் அந்த மருத்துவர்களின் வேலை. 2010-இல் முடிவு வெளிவந்தது. இரண்டாவது கூட்டத்தாரிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. கடைசி நாட்களில் கடுமையான சிகிச்சைகளுக்கு ஆளானவர்களும் அவர்களில் குறைவு. அப்படியும் அவர்கள் கூடுதலாக வாழ்ந்தார்கள்: இடைநிலைக் கணக்கில் 11.6 மாதம், மற்றவர்கள் 8.9 மாதம். பேச்சு ஒன்றே ஆயுளை நீட்டியது என்று நான் சொல்லவில்லை. பேசியதால் யாரும் சீக்கிரம் சாகவில்லை.

அடுத்து, இது வெள்ளைக்காரன் வழக்கம், நமக்கெதற்கு என்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் இதைத் தொடங்கியதே அண்மையில்தான். சுவிட்சர்லாந்தின் சமூகவியலாளர் பெர்னார் கிரெட்டாஸ் 2004-இல் உணவகத்தில் ஆட்களைக் கூட்டிச் சாவைப் பேச வைத்தார். அதைப் படித்த ஜான் அண்டர்வுட் 2011-இல் லண்டனில் தன் வீட்டிலேயே ஒரு கூட்டம் நடத்தினார். நடத்திக் கொடுத்தவர் அவருடைய அம்மா. டீ, கேக், பேச்சு, அவ்வளவுதான். யாரும் யாருக்கும் உபதேசம் செய்யக் கூடாது, எதையும் விற்கக் கூடாது, இந்த முடிவுக்கு வாருங்கள் என்று தள்ளக் கூடாது. 'டெத் கஃபே' என்று உலகமெங்கும் பரவியது இதுதான். அண்டர்வுட் 2017-இல், 44 வயதில் இறந்துபோனார். சாவைப் பேசியதால்தான் போனார் என்று சொல்ல யாராவது இங்கே தயாராக இருப்பார்கள். பேசாமலே அந்த வயதில் போனவர்கள் எத்தனை பேர் என்று அவர்கள் தங்கள் தெருவிலேயே எண்ணிப் பார்க்கட்டும்.

நம் பக்கம் வருவோம். ஆதிச்சநல்லூரில் தாழி தாழியாகச் செத்தவர்களுக்கு இடம் கொடுத்த மண் நம்முடையது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது தனியாகச் சாகவில்லை. பிசிராந்தையார் வருவார் என்று அவருக்கு இடம் ஒதுக்கிவைத்துக் காத்திருந்தான், அவரும் வந்தார், சுற்றியிருந்த புலவர்கள் அதைப் பாட்டாக்கினார்கள். பட்டினி கிடந்து சாவதை நான் புகழவில்லை. ஒரு மன்னன் தன் சாவை நண்பர்களோடு வாய்விட்டுப் பேசினான் என்பதுதான் எனக்கு முக்கியம். வள்ளுவர் நிலையாமைக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். நம் பாட்டிமார் ஒப்பாரியில் செத்தவரின் பெருமையை மட்டுமா சொன்னார்கள்? மருமகள் கஞ்சி ஊற்றாததையும் அண்ணன் தம்பி சீர் கொடுக்காததையும் ஊர் கேட்கச் சொல்லி அழுதார்கள். பேரன் பேத்தி எடுத்து நிறைந்து போனவருக்குக் கல்யாணச் சாவு என்று மேளம் வைத்து, நெய்ப்பந்தம் பிடித்து வழியனுப்பினோம். இப்படிப்பட்டவர்களின் வாரிசுகள், 'அதைப் பேசுவது நம் மரபில் இல்லை' என்று எனக்குச் சொல்கிறார்கள்.

நாங்கள் பிழைக்க வந்த இந்த ஊரின் கதையும் இதுதான். ஓசூர் சாலையில் நகரத்தை நோக்கிப் போய் மேற்கே திரும்பினால் பேகூர். அங்கே நாகநாதேசுவரர் கோயிலில், ஏறத்தாழ கி.பி. 890-ஐச் சேர்ந்த ஒரு பழங்கன்னடக் கல்வெட்டு உண்டு. பெங்களூர்ப் போரில் செத்துப்போன ஒருவனுக்காக வைத்த கல். பெங்களூர் என்ற பெயர் கிடைக்கிற மிகப் பழைய எழுத்துகளில் அது ஒன்று. கோயிலுக்குள்ளேயே செத்தவனின் பெயர் இருக்கிறது, யாருக்கும் தீட்டுப்படவில்லை.

பேசாததால் இன்று என்னென்ன இழக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம், கண்ணியத்தோடு சாவது வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. எனக்கு இன்ன சிகிச்சை வேண்டாம் என்று நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கலாம். முதலில் மாஜிஸ்திரேட் முன்னால் போக வேண்டியிருந்தது. 2023-இல் அதை எளிதாக்கினார்கள்: இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி போதும். நமக்குப் பேச முடியாமல் போனால் யார் முடிவெடுக்க வேண்டும் என்றும் அதில் பெயர் எழுதலாம். 2025 ஜனவரி இறுதியில் கர்நாடக அரசு இதை நடைமுறைப்படுத்தச் சுற்றறிக்கை அனுப்பியது. நாங்கள் குடியிருக்கிற மாநிலமே இதில் முன்னால் நிற்கிறது. என் தளத்தில் விசாரித்தேன், ஒருவரும் கேள்விப்படவில்லை. சாவு என்ற சொல்லே நுழையாத வீட்டுக்குள் அந்தத் தாள் எப்படி நுழையும்?

வங்கிகளில் யாரும் கேட்காமல் கிடந்து ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போன பணம் 2024 மார்ச்சில் 78,213 கோடி ரூபாய். அத்தனையும் செத்தவர்களின் பணம் இல்லைதான். ஆனாலும் எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்று வீட்டில் சொல்லாமல் போனவர்களின் காசு அதில் எவ்வளவோ. அப்பாவின் கணக்கைத் தேடி என் அம்மா ஆறு மாதம் அலைந்தாள்.

இன்னொன்று, கேட்கவே கூசுகிற விஷயம். எங்கள் கட்டடத்தில் ஐஸ் பெட்டி லிஃப்டுக்குள் நுழையாது. அதை அப்பா செத்த அன்றுதான் தெரிந்துகொண்டோம். உடம்பைக் கீழே வாகன நிறுத்தத்தில் வைத்தோம்; ஒரு மணி நேரத்துக்குள் எடுத்துவிட முடியுமா என்று கேட்டார்கள். மாடியில் வயதானவர்களைக் குடிவைத்த அத்தனை பேருக்கும் அந்த ஒரு மணி நேரம் வரப்போகிறது. முன்கூட்டி உட்கார்ந்து பேசியிருந்தால் ஒரு பந்தல், நான்கு நாற்காலி, எங்கே வைப்பது என்று ஓர் ஏற்பாடு இருந்திருக்கும்.

இப்படிச் சேர்ந்து உட்கார்ந்து பேசுவது கேரளத்தில் சாத்தியமாகியிருக்கிறது. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் சிறிய வலிதணிப்பு மையமாகத் தொடங்கியதை, அக்கம்பக்கத்துச் சாதாரண மனிதர்கள் தெருத்தெருவாகக் கொண்டுபோனார்கள். சாகக் கிடப்பவரின் வீட்டுக்குப் பக்கத்துவீட்டுக்காரரே போய் உட்கார்ந்து பேசுவது அங்கே வழக்கமாயிற்று. 2008-இல் அரசே அதைக் கொள்கையாக்கியது. இந்த பெங்களூரிலேயே கருணாசிரயா 1999 முதல் முற்றிய புற்றுநோயாளிகளைக் காசு வாங்காமல் கடைசிவரை பார்த்துக்கொள்கிறது. எங்களுக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. யாரிடம் கேட்டிருப்போம், எப்படிக் கேட்டிருப்போம்?

கூடம் கிடைக்கவில்லை. அதனால் வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு என் வீட்டு முன்னறையில் வைத்திருக்கிறேன். தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் பேசலாம், பேசாமலும் உட்கார்ந்திருக்கலாம். டீயும் முறுக்கும் இருக்கும். அம்மா வருகிறாள், தனக்கு என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று ஒரு நோட்டில் இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறாள், அதை எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டுமாம். காவலாளி அண்ணனுக்கு அன்று பகல் முறை. முறையை மாற்றித் தரும்படி சங்கப் பொறுப்பாளரிடம் கேட்டிருக்கிறேன். அவரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.