கணக்குத் தாளுக்கு ஒரு பூட்டு

எங்கள் மாதர் சங்கத்தின் சுழற்சிக் கடன் கணக்கை நான்தான் கணனியில் பதிகிறேன். சென்ற கூட்டத்தில், கருவாடு விற்கும் ஓர் அக்காவுக்கு இன்னும் 14,000 ரூபா கடன் நிற்கிறது என்று வாசித்தேன். அவர் எழும்பி, "பிள்ளை, நான் எடுத்தது 20,000. மாதம் 2,000 படி ஆறு தரம் கட்டிப்போட்டன். எட்டாயிரம்தானே நிக்கவேணும்?" என்றார். கணனி பிழை விடாது என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். அக்காவின் முகம் வாடிப்போனது. இடப்பெயர்வில் காணி உறுதியைத் தொலைத்தவர் அவர். அதன் பிறகு ஒரு துண்டுக் கடதாசியையும் எறிவதில்லை. பையிலிருந்து ஆறு பற்றுச்சீட்டுகளையும் எடுத்து மேசையில் வைத்தார்.

பிழை என் தாளில்தான் இருந்தது. மிகுதிக் கடன் வரும் கட்டத்தில், கடனிலிருந்து கட்டிய தவணைகளைக் கழிக்கும் சூத்திரம் இருக்க வேண்டும். மூன்றாம் மாதம் யாரோ அதன்மேல் 14000 என்று தட்டிவிட்டோம். சூத்திரம் அழிந்து வெறும் எண் நின்றது. அதன் பின் எத்தனை தவணை பதிந்தாலும் மிகுதி குறையவில்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், தோழியரே. அதுதான் ஆபத்து.

எக்செலில் இதற்குப் பூட்டு உண்டு. ஆனால் பலர் தடுமாறும் இடம் ஒன்றிருக்கிறது. எல்லாக் கட்டங்களும் முதலிலேயே 'லொக்ட்' என்றுதான் குறிக்கப்பட்டிருக்கும். தாளைப் பாதுகாக்கும்வரை அந்தக் குறி வேலை செய்யாது. அப்படியே பாதுகாத்தால் தவணைகூடப் பதிய முடியாது. ஆகவே முதலில் தாள் முழுவதையும் தெரிவு செய்து, கொன்ட்ரோல் விசையோடு 1ஐ அழுத்தி, 'புரொடெக்ஷன்' பகுதியில் 'லொக்ட்' என்ற சரியை எடுத்துவிடுங்கள். பிறகு சூத்திரம் உள்ள கட்டங்களை மட்டும் தெரிவு செய்து அதே இடத்தில் சரி போடுங்கள். கடைசியாக 'ரிவியூ' பட்டியலில் 'புரொடெக்ட் ஷீட்' கொடுத்துக் கடவுச்சொல் இடுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் இதைத் தனித்தனியே செய்யவேண்டும்.

கடவுச்சொல்லை மறந்தால் மைக்ரோசொஃப்ட் நிறுவனமும் மீட்டுத் தராது. நாங்கள் அதை எழுதி, உறையிலிட்டுப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறோம்.

இந்தப் பூட்டு கைதவறுதலைத் தடுக்கும், கள்ளனைத் தடுக்காது. யார் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்பதைப் பிறர் பார்க்காமலிருக்க, கோப்பைத் திறப்பதற்கே வேறு கடவுச்சொல் வைக்கவேண்டும்.

பிழையான சூத்திரத்தைப் பூட்டினால் பிழையும் பூட்டுப்பட்டே கிடக்கும். பொருளியல் பேராசிரியர்களான கார்மன் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகொஃப்பும் 2010இல் நாடுகளின் கடன் பற்றி எழுதிய கட்டுரைக்கு எக்செலில் சராசரி எடுத்தபோது ஐந்து நாடுகள் விடுபட்டுப்போயின. 2013இல் அதை வெளிக்கொண்டு வந்தவர்களில் ஒருவர் தோமஸ் ஹேர்ன்டன் என்ற மாணவர். பெரிய படிப்பாளிகளுக்கே அப்படியென்றால், நாங்கள் பூட்டுமுன் இரண்டு பேரின் கணக்கையாவது கையால் கூட்டிப் பார்ப்பதில் வெட்கமில்லை.

அக்காவிடம் கூட்டத்திலேயே மன்னிப்புக் கேட்டேன். மற்ற உறுப்பினர்களின் கணக்குகளையும் பற்றுச்சீட்டோடு ஒப்பிட்டோம். இன்னும் இரண்டு கட்டங்களில் சூத்திரம் இல்லை. அவற்றில் ஒன்று என்னுடையது.