ஊசிக்கு முன் ஒரு கேள்வி

எங்கள் வட்டாரத்தை உலகம் இரண்டு காரியங்களால் அறியும். ஒன்று தோல், மற்றொன்று மருத்துவம். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை எனத் தோல் பதனிடும் கூடங்களும் காலணித் தொழிற்சாலைகளும் நிறைந்த பகுதி இது. அதே இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார், 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவப் பணியே இன்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக ஓங்கி நிற்கிறது.

மருத்துவத்தைப் பற்றி ஆண்டு மலரில் எழுதினால் அறுவை நிபுணர்களைப் புகழ்வதே வழக்கம். நாங்கள் இம்முறை வேறொருவரைப் பற்றி எழுத விரும்புகிறோம். நோயாளியின் கையைப் பிடித்து, ஊசியேற்றி, சிறு குழாய்களில் இரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறாரே, அவரைப் பற்றி. ஃபிளபாட்டமிஸ்ட் என்பது அவர் தொழிலின் பெயர். நாளத்தைக் கீறுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்தது. நம் வீடுகளில் 'இரத்தம் எடுக்கிற சிஸ்டர்' என்போம், ஆணாயின் 'லேப்காரர்'. ஊசி குத்துவதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்களும் உண்டு.

வித்தை இருக்கிறது. தோலைத் தரம் பிரிக்கும் முதியவர்களை எங்களில் பலர் அறிவோம். கண்ணால் பார்ப்பதோடு நில்லாமல் விரலால் தடவித்தான் அதன் குணத்தைச் சொல்வார்கள். இரத்தம் எடுப்பவருக்கும் விரலே கண். முழங்கை மடிப்பில் நீலமாகத் தெரிவதெல்லாம் நல்ல நாளமன்று. தொட்டால் மெத்தென்று அமுங்கி எழுவதே ஏற்றது. அதற்கு நான்கைந்து விரற்கடை மேலே இரப்பர்ப் பட்டையைக் கட்டுகிறார். 70 விழுக்காடு ஆல்கஹாலால் தோலைத் துடைத்து, அது தானாக உலர அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். வாயால் ஊதலாகாது. துடைத்த இடத்தை மீண்டும் விரலால் தொடலாகாது. கூட்டம் மிகுந்த காலை வேளையில் முதலில் பலியாவது இந்த அரை நிமிடந்தானோ என்பது எங்கள் ஐயம்.

குழாய்களின் மூடிகள் நீலம், சிவப்பு, ஊதா, சாம்பல் எனப் பல நிறங்களில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்கென்று எண்ணிவிடாதீர்கள். ஊதா மூடிக் குழாயில் இரத்தம் உறையாதிருக்க ஈ.டி.டி.ஏ. என்னும் மருந்து உண்டு. பெரும்பாலும் அது பொட்டாசியம் உப்பாகவே சேர்க்கப்படுகிறது. வரிசை தவறி அக்குழாயை முதலில் நிரப்பி, அதிலிருந்து ஒரு துளி அடுத்த குழாயில் கலந்துவிட்டால், பொட்டாசியம் கூடியும் கால்சியம் குறைந்தும் காட்டும். உடம்பில் இல்லாத நோய் காகிதத்தில் வந்துவிடும்! குழாயை வேகமாகக் குலுக்கினாலோ சிவப்பணுக்கள் உடைந்து மாதிரி பாழாகும். மறுபடி எடுக்க வேண்டும். ஆம்பூரிலிருந்து பேருந்தேறி வேலூருக்கு வரும் ஒரு தொழிலாளித் தாய்க்கு, 'நாளை மறுபடி வாருங்கள்' என்னும் சொல் இன்னொரு நாள் கூலியின் இழப்பு.

இரத்தம் எடுப்பவருக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. எச்.ஐ.வி. உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்திய ஆயிரம் பேரில் ஏறத்தாழ மூவருக்கு அக்கிருமி தொற்றக்கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மஞ்சள் காமாலை பி வகையில், தடுப்பூசி போடாதவருக்கு ஆபத்து அதனினும் பன்மடங்கு. ஆகவே பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடாமல், துளைபடாத பெட்டியில் உடனே இட வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளும் ஊசிகளுக்கென்று வெண்மையான தனிப் பெட்டியைக் கட்டளையிட்டிருக்கின்றன.

இங்கே வேலூரோடு தொடர்புடைய ஒரு வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமன், எச்.ஐ.வி. இந்தியாவிலும் இருக்கிறதா என்று அறிய விரும்பி, அப்பணியைத் தம் மாணவி நிர்மலாவிடம் ஒப்படைத்தார். சமூகம் ஒதுக்கி வைத்திருந்த ஏறத்தாழ 80 பெண்களிடம் நிர்மலா இரத்தம் எடுத்தார். கையுறை இல்லை, பாதுகாப்புச் சாதனம் எதுவும் இல்லை. மாதிரிகளை வைக்க வேறு இடமின்றித் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்திருந்தார். 1986 பிப்ரவரியில் அவரும் அவர் கணவரும் அவற்றைப் பனிக்கட்டிப் பெட்டியில் அடுக்கி, இரவு இரயிலேறிக் காட்பாடியில் இறங்கினார்கள். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் ஜானின் துறையில் சோதனை நடந்தது. ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாக வெளிப்பட்டது அவ்வாறுதான்.

அந்த மாணவியின் துணிவை எண்ணி நாங்கள் வியக்கிறோம். ஆயினும் ஒரு நெருடல். எந்தக் கிருமியைத் தேடி இரத்தம் எடுக்கிறார் என்று அப்பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. இதனை நிர்மலா அவர்களே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். சொன்னாலும் விளங்கியிராது என்பது அவர் கூறிய காரணம். இருக்கலாம். அன்று அந்நோயின் பெயரே பலருக்குப் புதிது. ஆனால் அவர்களில் எவரும் 'எதற்காக அம்மா?' என்று கேட்கும் நிலையிலும் இல்லையே! இன்றோ 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விளக்கிச் சொல்லி இசைவு பெறாமல் எச்.ஐ.வி. சோதனை செய்யலாகாது.

சட்டம் வந்துவிட்டது, கேட்கும் பழக்கம் வரவில்லை. நம் தாய்மார்கள் வரிசையில் நிற்பார்கள், முறை வந்ததும் கையை நீட்டுவார்கள், முகத்தைத் திருப்பிக் கொள்வார்கள். 'வெள்ளைக் கோட்டுப் போட்டவரிடம் கேள்வி கேட்கலாமா?' என்ற தயக்கம். கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணும் பெரியோருக்கு மிகப் பணிவுடன் ஒன்றை நினைவூட்டுகிறோம். கபிரியேல் தூதர் மங்கள வார்த்தை சொன்னபோது, நம் தேவ அன்னையே இது எப்படி நடக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஆகட்டும் என்றார்கள். தூதர் கோபித்துக் கொள்ளவில்லை, விளக்கம் தந்தார்.

ஊசி புதியதா, என் கண்ணெதிரே உறை பிரிப்பீர்களா என்று கேட்கலாம். எந்தச் சோதனைக்கு என்று கேட்கலாம். எல்லாவற்றினும் முக்கியம் பெயர். 'நீங்கள் லட்சுமிதானே?' என்று கேட்டால் அரை மயக்கத்தில் யாரும் தலையாட்டிவிடுவார்கள். 'உங்கள் பெயர் என்ன?' என்று கேட்டு, நோயாளி தம் வாயாலேயே சொல்ல, அவர் எதிரிலேயே குழாயில் எழுதி ஒட்டுவதே முறை. ஓர் ஊரில் எத்தனை லட்சுமிகள், எத்தனை மேரிகள், எத்தனை பாத்திமாக்கள்! பெயர் மாறிய குழாயால் ஒருவருக்குப் பொருந்தாத இரத்தம் ஏற்றப்பட்டால் உயிரே போய்விடும்.

நாமும் அவரை அவசரப்படுத்தக் கூடாது. 'ஒரே குத்தில் எடுக்கத் தெரியாதா?' என்று அதட்டினால் எந்தக் கை நடுங்காது? இரு முறை முயன்றும் கிடைக்காவிடில் மற்றொருவரை அழைப்பதே நல்ல முறை. அது அவருக்கு இழுக்கன்று.

நம் பள்ளிக்கு இனி இரத்தசோகைப் பரிசோதனைக் குழுவினர் வருவார்களாயின், தலைமை அருட்சகோதரியிடம் எங்கள் வேண்டுகோள் இவை: மயங்கி விழக்கூடியவர்கள் படுக்க ஒரு பெஞ்சு போடப்பட வேண்டும். ஒவ்வொரு மாணவியும் தன் பெயரையும் பிறந்த தேதியையும் தானே சொல்ல அனுமதிக்கப்பட வேண்டும். பின்னாலிருப்பவர்கள் தள்ளாதபடி, வரிசை அறைக்கு வெளியே நிற்க வேண்டும். அந்த வரிசையைப் பத்தாம் வகுப்பினராகிய நாங்களே பார்த்துக் கொள்கிறோம்.