விலையும் வயதும்

விலை உயர்ந்ததெல்லாம் சிறந்தது என்று கொள்வது உலகத்தார் இயல்பு. ஸ்கொட்லாந்து விஸ்கியைச் சிறிது ஆராயின், இவ்வெண்ணம் பாதியே மெய் என்பது புலனாகும்.

விலை குறைந்த போத்தல்களிற் பெரும்பாலானவை கலவை விஸ்கிகள். கோதுமை, சோளம் முதலியவற்றிலிருந்து மலிவாக வடித்ததனோடு, முளைவிட்ட பார்லியில் வடித்ததைக் கலந்து இவை ஆக்கப்படுகின்றன. சோடா சேர்த்துப் பருகுவோர்க்கு இவையே போதும். ஒரே வடிசாலையில் முளைவிட்ட பார்லியால் மட்டும் ஆகும் ‘சிங்கிள் மோல்ட்’ விலை கூடியது. சில துளி நீர் விட்டு மெல்லச் சுவைத்தற்குரியது.

எதுவாயினும் 3 ஆண்டேனும் ஓக் மரப் பீப்பாவிற் கிடத்தல் வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். போத்தலில் 12 ஆண்டு என்றிருப்பின், அதிற் கலந்தவற்றுள் மிக இளையதன் வயது அது. பீப்பாவிலிருந்து ஆண்டுதோறும் நூற்றுக்கு ஏறக்குறைய 2 பங்கு ஆவியாகிவிடுகிறது. ‘தேவதைகளின் பங்கு’ என்பர் அதனை. ஆகவே, முதிர்ந்ததன் விலையிற் காத்திருப்பும் இழப்பும் அடங்கும். எனினும், அளவுக்கு மீறிக் கிடந்தால் மரத்தின் கைப்பு மேலோங்குதலும் உண்டு. போத்தலில் அடைத்த பின்னரோ முதிர்ச்சி இல்லை. அலுமாரியிற் பூட்டிவைப்பதால் சுவை கூடாது.

விலையைக் கேட்குமுன் போத்தலின் சீட்டைப் படித்தல் நன்று. பிறர் மெச்சுதற்காகக் கொடுக்கும் பணம் நம் நாவுக்குச் சுவை தருவதில்லை.