நஞ்சில்லை, உணவுமில்லை

பெங்களூரில் கிறிஸ்துமஸையொட்டி நடக்கும் கேக் கண்காட்சிக்குக் கூட்டம் கூட்டமாக டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறார்கள். சாப்பிட அல்ல, பார்க்க. சர்க்கரையால் எழுப்பிய மாளிகைகளையும் கோபுரங்களையும் தொடக்கூட விடமாட்டார்கள். அதே கர்நாடகத்தில் சங்கராந்திக்கு எள்ளு வெல்லத்தோடு சக்கரெ அச்சு கொடுக்கும் வழக்கம் உண்டு. பாகை மர அச்சில் ஊற்றி எடுத்த கிளியும் யானையும் அன்று சாயங்காலத்துக்குள் குழந்தைகளின் வாயில் கரைந்துவிடும். சர்க்கரையில் பார்ப்பதற்கு ஒரு ஜாதி, தின்பதற்கு ஒரு ஜாதி. கல்யாண கேக்கின் மேலே வைக்கும் சர்க்கரைப் பூ இதில் எந்த ஜாதி என்பதுதான் சிக்கல்.

பூ செய்வது லேசான வேலை இல்லை. வெறும் சர்க்கரை மாவைத் தேய்த்தால் விண்டுபோகும். அதனால் ஐஸிங் சுகரோடு முட்டை வெள்ளைக்கருவும் பிசினும் சேர்த்துப் பிசைகிறார்கள். முன்பு ஈரான் பக்கத்து முட்செடியிலிருந்து வடியும் டிராககாந்த் பிசின். இப்போது பெரும்பாலும் மரக்கூழிலிருந்தோ பஞ்சிலிருந்தோ தயாராகும் சி.எம்.சி. தூள். முட்டை ஆகாத வீடுகளுக்கு அந்தத் தூளும் தண்ணீருமே போதும். கையில் கொஞ்சம் வனஸ்பதி தடவிக்கொண்டு பிசைந்து, காற்றுப் புகாமல் ஒரு நாள் வைத்தால் மாவு ரப்பர் போல இழுபடும். அடியில் செய்தித்தாள் வைத்தால் எழுத்து தெரிகிற அளவுக்கு மெல்லியதாகத் தேய்க்கலாம்.

அடுத்தது கருவிகள். வெட்டும் அச்சை யாரும் வாங்கிவிடலாம். கெட்டிக்காரத்தனம் தெரிவது, முனையில் கோலிக்குண்டு போல உருண்டை வைத்த குச்சியில்தான். வெட்டிய இதழை ஸ்பாஞ்சின் மேல் வைத்து, உருண்டை பாதி இதழிலும் பாதி வெளியிலும் படும்படி ஓரத்தை நீவ வேண்டும். அழுத்தினால் கிழியும். விட்டுவிட்டால் ஓரம் தடியாக நின்று பொம்மை ரோஜா ஆகிவிடும். நரம்பு பதிக்க, நிஜ இதழை வைத்து வார்த்த சிலிக்கோன் அச்சுகள் இருக்கின்றன. பள்ளம் வெட்டிய பலகையில் தேய்த்தால் இதழின் நடுவே ஒரு மேடு நிற்கும். அதற்குள் மெல்லிய கம்பியைச் செருகுவார்கள். கம்பியின் நம்பர் கூடக் கூடக் கனம் குறையும் என்பது புதிதாகக் கடைக்குப் போகிறவர்களைக் குழப்பும் சங்கதி.

ரோஜா என்றால் முதலில் கம்பி நுனியில் கூம்பு பிடித்து ஒரு ராத்திரி காயவிட வேண்டும். முதல் இதழை கூம்பின் நுனி தெரியாமல் இறுக்கிச் சுற்றுவார்கள். பிறகு மூன்று, அப்புறம் ஐந்து. வெளி இதழ்களின் ஓரத்தைப் பல்குத்தும் குச்சியில் சுருட்டிவிட்டு, ஸ்பூனின் குழியில் காயவைப்பார்கள். ஒரே செடியில் எல்லாப் பூவும் ஒரே அளவு விரிந்திருக்காது. அரும்பு, முகை, போது, மலர், அலர், வீ, செம்மல் என்று பருவத்துக்கொரு பெயர் வைத்திருக்கும் தமிழ்க்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. வீயும் செம்மலும் கல்யாணத்துக்கு ஆகாது. ஆனால் தேர்ந்த கை ஓர் இதழின் ஓரத்தில் மட்டும் லேசாகப் பழுப்பு தட்டும். அங்கேதான் பூவுக்கு உயிர் வருகிறது.

வண்ணத்தை ஈரமாகப் பூசினால் இதழ் கரையும். எனவே உலர்ந்த தூளை பிரஷ்ஷால் தட்டி, கெட்டில் ஆவியில் ஒரு நொடி காட்டி எடுக்கிறார்கள். ஒரு நொடிக்கு மேல் போனால் தொலைந்தது. மும்பையின் ஜூலை மாதக் காற்றும் இந்தப் பூவுக்குக் கெடுதல்தான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் வியர்த்துத் துவண்டுவிடும். மற்றபடி ஈரம் படாமல் வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும்.

2011இல் இளவரசர் வில்லியமின் எட்டு அடுக்குக் கல்யாண கேக்கில் ஃபியோனா கேர்ன்ஸ் குழுவினர் 17 வகையில் 900 சர்க்கரைப் பூக்களை வைத்தார்கள். அதில் லில்லி ஆஃப் தி வேலியும் ஒன்று. நிஜச் செடியோ இதயத்தைத் தாக்கும் விஷம். நம் ஊர் அரளி மாதிரி. இன்றைக்கு கேக்கில் நிஜப் பூவைச் செருகுவது ஃபேஷன். பூச்சிமருந்தை நினைத்தால், அதைவிட சர்க்கரைப் பூ எவ்வளவோ மேல் என்றுதான் தோன்றும்.

ஆனால் வண்ணத் தூள் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் 'நான்-டாக்ஸிக்' என்று அச்சடித்திருக்கும். மொழிபெயர்க்க உட்கார்ந்தால் 'நச்சற்றது'. 'உண்ணத்தக்கது' என்பது வேறு வார்த்தை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் க்ரேயான் பெட்டியில்கூட முதல் வார்த்தைதான் இருக்கிறது. அதற்காக யாரும் க்ரேயானைத் துவையல் அரைப்பதில்லை. இந்த வித்தியாசம் வார்த்தை விளையாட்டு அல்ல. அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 2018இல் பிறந்தநாள் கேக் சாப்பிட்ட குழந்தைகள் வாந்தியெடுத்தார்கள். மினுமினுப்புத் தூளில் இருந்தது தாமிரம். 2019இல் மிசௌரியில் ஒரு வயதுக் குழந்தையின் ரத்தத்தில் ஈயம். காரணம், கேக்கில் பூசிய இதழ்த் தூள். அதில் 25 சதவீதம் ஈயம். இரண்டையும் அந்த நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2021இல் வெளியிட்டது.

பூ செய்கிறவர்கள் சொல்லும் சமாதானம், "அலங்காரத்துக்குத்தானே, யார் தின்னப் போகிறார்கள்?" என்பது. மூன்று வயதுக் குழந்தை தின்னும். கேக்கில் முதலில் அதன் கண்ணில் படுவதே பூதான். இந்தியாவில் உணவில் சேர்க்க அனுமதித்திருக்கும் செயற்கை நிறங்கள் எட்டே எட்டு. டப்பாவில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலும், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் இல்லையென்றால் அந்தத் தூள் காகிதப் பூவுக்குப் போகட்டும். ஆர்டர் கொடுக்கும்போதே டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு கடை பாருங்கள். கம்பியை கேக்கில் நேராகக் குத்தாமல் சின்ன பிளாஸ்டிக் குழாயில் செருகி நிறுத்தவும் சொல்லுங்கள். கத்தி வைப்பதற்கு முன் பூவை எடுத்துத் தனித் தட்டில் வைத்துவிடுங்கள், கைக்கெட்டாத உயரத்தில்.