ஆளற்ற அரங்கும் ஆளவேண்டிய தமிழும்

நாடகத் தமிழின் வளர்ச்சியை வகுப்பில் நான் விளக்கும்போதெல்லாம் மாணவர் ஒருவரேனும் எழுந்து, "ஐயா, அந்நாடகங்கள் எங்கே நடைபெற்றன?" என்று வினவுவர். சென்னை நடுவண் தொடர்வண்டி நிலையத்தை அடுத்து, இரிப்பன் மாளிகைக்கு அருகில் செந்நிறத்தில் நிற்கும் பழைய அரங்கத்தைச் சொல்வேன். "இப்போது அங்கே என்ன நாடகம் நடக்கிறது?" என்பது அடுத்த வினா. பல்லாண்டுகளாக அதற்கு என்னிடம் விடையில்லை.

விக்டோரியா பொது அரங்கம் 1880களில் பொதுமக்கள் ஈந்த பொருளால் எழுந்தது. வரைந்தவர் சிசோம், கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். பணம் நம்மவருடையது, பெயரோ, 1887இல் ஆட்சிப் பொன்விழாக் கண்ட அயல்நாட்டு அரசியுடையது! அடிமைப்பட்ட நாட்டில் ஈகைக்கும் இரவற்பெயரே வாய்த்தது.

ஆயினும் அக்கட்டடத்திற்குள் தமிழ் வாழ்ந்தது. 1891இல் பம்மல் சம்பந்தனார் தோற்றுவித்த சுகுண விலாச சபையார் இவ்வரங்கில் நாடகங்களை நடித்துக் காட்டினர். கூத்தாடி என்னும் இழிசொல்லுக்கு அஞ்சிக் கற்றோர் மேடையேறத் தயங்கிய காலம் அது. அத்தயக்கத்தைத் தகர்த்தவர் அவர். அவர்தம் மன்றத்தின் பெயரே வடமொழி. உரையாடலிலும் வடசொற்கள் மிகுதி. இதை மறைக்க வேண்டியதில்லை. தனித்தமிழ் உணர்வை மறைமலையடிகள் 1916இல் ஊட்டுமுன் நாடு இருந்த நிலை அது. உரைநடை நாடகத்திற்கு அவர் இட்ட அடித்தளத்தின்மேல் தூயதமிழ் நாடகத்தை எழுப்புவது நம் கடன்.

பின்னர் 99 ஆண்டுக் குத்தகை முடிந்தது. உரிமைச் சிக்கல்கள் எழுந்தன. நகரின் நெஞ்சிடத்தே, நாள்தோறும் எண்ணற்றோர் கடந்துசெல்லும் இடத்திலே, அரங்கம் பாழடைந்து கிடந்தது. அண்மையில் மாநகராட்சி பல கோடி உருபாச் செலவில் அதைச் சீரமைத்துள்ளமை பாராட்டத் தக்கதே. ஆனால், சுவரைப் புதுக்கிவிட்டால் பணி முடிந்ததாகுமா? வீட்டைக் காப்பது பூச்சன்று, குடியிருப்பு. ஆள் புழங்காத வீட்டில் கறையானே குடியேறும்.

காட்சிக்கூடம் வேண்டியதே. பழைய நாடகத்தாரின் படங்களைக் கண்டு இளைஞர் நெஞ்சு நிமிரட்டும். எனினும், படம் பேசாது, மேடைதான் பேசும். ஆதலின் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கின்றேன். ஒன்று, கிழமைதோறும் ஒரு மாலையேனும் அங்குத் தமிழ் நாடகம் நடைபெறல் வேண்டும். இரண்டு, பள்ளி, கல்லூரி மாணவர்க்கும் சிற்றூர்க் கூத்துக் குழுவினர்க்கும் கட்டணமின்றி அரங்கு தரப்படல் வேண்டும். செல்வர்க்கு மட்டுமே கிட்டுவது பொது அரங்கம் ஆகாது. மூன்று, பலகை, அழைப்பிதழ், அறிவிப்பு யாவும் நல்ல தமிழில் அமைதல் வேண்டும். பழம்பெயரை வரலாற்றுக் குறிப்பாகக் கல்வெட்டில் பொறித்துவிட்டு, அரங்கிற்குத் தமிழ்ப்பெயர் சூட்டுவதில் யாருக்கு என்ன இழப்பு?

இவற்றிற்குப் பெரும்பொருள் தேவையில்லை. மனம் ஒன்றே தேவை. அரசின் கடமை ஒருபாதி. நம் கடமை மறுபாதி. நாடகம் நடக்கும் நாளில் நாம் வீட்டில் அமர்ந்து தொலைக்காட்சியில் கலப்புத்தமிழ் கேட்டுக்கொண்டிருந்தால், வெற்றிருக்கைகளுக்கு யாரைக் குறைகூறுவது?

என் மாணவன் மீண்டும் வினவுவான். "வா, இன்று மாலை அழைத்துச் செல்கிறேன்" என்று விடைகூறும் நாளை விரைந்து ஆக்குவோம்!