நாணயம் யார் ஏட்டில்?

நீடாமங்கலம் ரயிலடியில் நெல் மூட்டை ஏற்றும் தொழிலாளிக்கும், வெண்ணாற்றங்கரை வயலில் நாற்று நடும் பெண்ணுக்கும் இப்போது ஒரு புதுப் பட்டம் சூட்டியிருக்கிறார்கள். "கடன் வரலாறு இல்லாதவர்" என்பதே அந்தப் பட்டம்! பாங்கிக்குப் போய் ஒரு சிறு கடன் கேட்டாலும், ஒரு கிரெடிட் கார்டு கேட்டாலும், அங்கே இருப்பவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்க்கிறார். "உங்கள் பெயரில் ஒன்றுமே இல்லையே" என்று கையை விரிக்கிறார். மளிகைக் கடைப் பற்றை மாதந்தோறும் தீர்ப்பவன், சீட்டுப் பணத்தை ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டுபவன், கைமாற்றாக வாங்கியதை அறுவடைக் கூலி வந்த அன்றே திருப்பித் தருபவன், இவன் பெயரில் ஒன்றுமே இல்லையாம்!

நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழிலே இரண்டு பொருள். கையில் புரளும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். முதல் நாணயம் இல்லாதவனிடம் இரண்டாவது நாணயமும் இருக்காது என்பது பணம் படைத்தவன் எழுதிவைத்த சாஸ்திரம். அந்தச் சாஸ்திரம் பொய் என்பது கிராமத்து மளிகைக் கடைக்காரருக்குக் கூடத் தெரியும். ஆனால் மளிகைக் கடைப் புத்தகத்தைப் பாங்கி படிப்பதில்லை. பாங்கி படிக்கும் ஏடு வேறு.

ஏடு என்பது தஞ்சைத் தரணிக்குப் புதியதா? இல்லை. பண்ணையார் வீட்டு ஏட்டிலேதான் பண்ணையாளின் வாழ்வு முழுவதும் எழுதப்பட்டிருந்தது. கலியாணத்துக்கு வாங்கிய கடன், சாவுக்கு வாங்கிய கடன், அப்பன் வாங்கி மகன் தலையில் விழுந்த கடன் எல்லாம் அதில் ஏறும். எழுதுபவர் பண்ணையார், கைநாட்டு வைப்பவன் பண்ணையாள், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க அவனுக்கு உரிமை கிடையாது. 1950-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் டைனர்ஸ் கிளப் என்ற கம்பெனி ஓர் அட்டையைக் கொடுத்து, "இதைக் காட்டிச் சாப்பிடுங்கள், மாத முடிவில் பணம் கட்டுங்கள்" என்றது. கையெழுத்து ஒன்றே அங்கே காசாயிற்று. இங்கேயோ, பண்ணையாளை நினைத்தபோது விரட்டக்கூடாது என்று சொல்வதற்கே 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தேவைப்பட்டது. அங்கே கடன் வசதி ஆயிற்று. இங்கே கடன் விலங்கு ஆயிற்று.

அந்த நாளில் நாட்டின் நிலை என்ன? 1951-52-இல் ரிசர்வ் பாங்கி நடத்திய கிராமக் கடன் ஆய்வு அதை வெட்டவெளிச்சமாக்கியது. கிராமத்தான் வாங்கிய கடனில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 ரூபாய் லேவாதேவிக்காரர்களிடமிருந்து வந்தது. கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது 3 ரூபாய். வர்த்தகப் பாங்கிகள் கொடுத்தது ஒரு ரூபாய்கூட இல்லை. 1969 ஜூலையில் 14 பாங்கிகள் தேசியமயமாயின. அதன் பிறகு கிராமங்களிலும் பாங்கிக் கிளைகள் பெருகின. வாசல் திறந்தது உண்மை. ஆனால் தலைமடையில் பாயும் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேராத கதையை டெல்டாக்காரனுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. கோரையாறும் பாமணியாறும் பிரியும் தலைப்பில் மதகைத் திறப்பவன் கையில் வயலின் விதி இருப்பதுபோல, கடனுக்கும் ஒரு மதகு உண்டு. இன்று அந்த மதகின் பெயர் சிபில்.

சிபில் 2000-ஆம் ஆண்டில் இந்தியாவில் தொடங்கப்பட்டது. இன்று அதன் பெரும்பங்கு அமெரிக்க டிரான்ஸ்யூனியன் கம்பெனியின் கையில் இருக்கிறது. எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று கம்பெனிகளும் இதே தொழில் செய்கின்றன. பாங்கிகளும் கடன் கம்பெனிகளும் நம் கணக்கை இவர்களிடம் சொல்ல, இவர்கள் 300-லிருந்து 900 வரை ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். தவணை தவறினால் குறையும். தவறாமல் கட்டினால் ஏறும். எதுவுமே வாங்காதவனுக்கு மதிப்பெண்ணே கிடையாது. 2025-இல் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கும் சிபில் அறிக்கை பார்ப்பார்கள் என்ற செய்தி வந்தபோது விவசாயிகள் கொதித்து எழுந்தார்கள். அந்தக் கொதிப்பிலே நியாயம் உண்டு. பொய்த்த மழைக்கும் திறக்காத மேட்டூருக்கும் உழவனா மதிப்பெண் இழப்பது?

"கடனே வாங்காமல் வாழ்வதல்லவா மேன்மை?" என்று கேட்கும் தோழர்களும் உண்டு. மேன்மைதான், மறுப்பவர் யார்? ஆனால் மகன் கல்லூரியில் சேரும்போது கல்விக் கடனுக்குத் தந்தையின் கணக்கையும் பாங்கி பார்க்கிறது. கூரை வீட்டை ஓட்டு வீடாக்கவும், வேலைக்குப் போக ஒரு இருசக்கர வண்டி வாங்கவும் கடன் வேண்டியிருக்கிறது. பாங்கி கதவைச் சாத்தினால், திறந்திருப்பது கந்துவட்டிக்காரன் கதவு. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்தது. அடாவடி வசூலைத் தடுக்க 2025-இல் இன்னொரு சட்டமும் வந்தது. சட்டம் காப்பது அவசியம். அந்தக் கதவைத் தட்டவே வேண்டாத நிலையைத் தேடிக்கொள்வது அதைவிட அவசியம்.

எனவே ஏட்டில் பெயர் ஏற வேண்டும். எப்படி? வழி எளிது. பாங்கியில் ஒரு சிறு தொகையை, ஐயாயிரமோ பத்தாயிரமோ, நிரந்தர வைப்பாகப் போட்டு, அதன் ஈட்டின் பேரில் ஒரு கிரெடிட் கார்டு கேட்கலாம். பல பாங்கிகள் இதைத் தருகின்றன. பணம் நம்முடையது என்பதால் பழைய வரலாறு கேட்டு அலைக்கழிப்பது குறைவு. வைப்புக்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். அந்தக் கார்டில் மாதம் ஒருமுறை அரிசியோ மருந்தோ வாங்க வேண்டும். வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. கெடு நாளுக்கு முன்பே முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும். சில மாதங்களில் ஏட்டில் பெயர் ஏறும். ஒரே நேரத்தில் நாலு பாங்கியில் மனுப் போட்டால் நாலும் ஏட்டில் பதிவாகும். ஆகவே ஒன்றே போதும்.

இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். பில்லிலே "குறைந்தபட்சத் தொகை" என்று ஒன்று அச்சடித்திருப்பார்கள். அது தூண்டில் புழு! கணக்குப் பாருங்கள்: பாக்கி 4,000 ரூபாய், மாத வட்டி நூற்றுக்கு மூன்றரை, வட்டி 140 ரூபாய், அந்த வட்டிக்கு நூற்றுக்கு 18 வீதம் ஜி.எஸ்.டி. 25 ரூபாய். குறைந்தபட்சம் என்று 200 ரூபாய் கட்டினால் அசலில் கழிவது வெறும் 35 ரூபாய்! ஆண்டு வட்டி 42 விழுக்காடு. கார்டு வட்டி 30 விழுக்காட்டுக்கு மேல் போவது முறையற்ற வாணிபம் என்று 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொல்லிற்று. அந்தத் தீர்ப்பை 2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்துவிட்டது. வேலி இல்லாத இடத்தில் நாமேதான் வேலி. கார்டைத் தேய்த்து ரொக்கம் எடுப்பது அதைவிட மோசம். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். நண்பனுக்காகப் போடும் ஜாமீன் கையெழுத்தும் நம் ஏட்டில் ஏறும். அவன் தவறினால் கறை நம் பெயரிலும் படியும்.

ஏட்டைப் படிக்கும் உரிமை இன்று நமக்கு உண்டு என்பதையும் மறக்கலாகாது. பண்ணையாளுக்கு இல்லாத உரிமை இது. நாலு கம்பெனிகளும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையையும் இலவசமாகத் தந்தாக வேண்டும். தப்பாக எழுதியிருந்தால் புகார் செய்யலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன் பிறகு நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு தரவேண்டும் என்று 2023-இல் ரிசர்வ் பாங்கி உத்தரவிட்டிருக்கிறது. கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதன்முறை கடன் கேட்பவரின் மனுவைத் தள்ளக்கூடாது என்றும் 2025 ஜனவரியில் அது அறிவுறுத்தியிருக்கிறது. இதைக் காகிதத்திலே விட்டுவிட்டால் காகிதமாகவே கிடக்கும். பாங்கி வாசலில் எடுத்துச் சொன்னால்தான் உரிமையாகும்.

தோழர்களே! படிப்பகங்களில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்குங்கள். செல்போன் தெரிந்த இளைஞர்கள், தெரியாத பெரியவர்களுக்கு அறிக்கையை எடுத்து, அவர்கள் கண் முன்னே படித்துக் காட்டட்டும். ரகசிய எண்ணை யாரும் கேட்கவும் வேண்டாம், யாருக்கும் சொல்லவும் வேண்டாம். கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கி என்று நின்றால் அங்கேயே புகார் எழுதுங்கள்.

ஆள்வோரை நோக்கியும் நாம் கேட்கிறோம். வட்டி ஏற்றுவதற்கு ஏட்டைப் புரட்டுகிறீர்கள்; தொழிலாளி மாதந்தோறும் தவறாமல் கட்டும் வாடகையையும் மின்கட்டணத்தையும் சீட்டுத் தவணையையும் அவன் விரும்பினால் அதே ஏட்டில் ஏற்ற ஏன் வழி செய்யக்கூடாது? கார்டு வட்டிக்கு ஓர் உச்சவரம்பு கட்டச் சட்டம் ஏன் வரக்கூடாது?

உழைப்பவனிடம் நாணயம் என்றும் இருந்தது. அது எழுதப்படாமல் கிடந்தது. எழுதப்பட்டபோது மாற்றான் கையால் எழுதப்பட்டது. இனி அவன் தன் கண்ணால் படித்து, தவறு கண்டால் திருத்தச் சொல்லி, தலை நிமிர்ந்து பாங்கிப் படி ஏறட்டும்!